மல்லாரிக்கு வந்த நோட்டீஸும் பாத்திரக் கடை மாடி வக்கீலும்

கும்பகோணத்தில் மகாமகக் குளத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில், ஒரு பாத்திரக் கடையின் மாடியில் இருக்கும் வக்கீல் அலுவலகத்தைப் பற்றி எழுதப் போகிறேன். பெயர் போட மாட்டேன். வக்கீல்கள் விளம்பரம் செய்துகொள்ளக் கூடாது என்று பார் கவுன்சிலில் 36-ஆம் விதி இருக்கிறதாம். "அனுபவத்தை எழுதுங்க சார், என் பேரை மட்டும் எழுதிடாதீங்க" என்று அவரே கேட்டுக்கொண்டார். பாகப் பிரிவினை, செக் கேஸ், விவாகரத்து பார்க்கிற வக்கீல்கள் நம் பக்கம் தெருவுக்கு நாலு பேர். பாட்டு, சினிமா, காப்புரிமை என்று பார்க்கிறவர் எனக்குத் தெரிந்து இவர் ஒருவர்தான். பல வருஷம் சென்னை உயர் நீதிமன்றத்தில் இசைக் கம்பெனிகளுக்காக (கம்பெனிகளுக்காகத்தான், வாசிக்கிறவர்களுக்காக இல்லை) வேலை பார்த்துவிட்டு, அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனதால் ஊரோடு வந்துவிட்டவர்.

எனக்கு ஏன் இப்படி ஒரு வக்கீல் தேவைப்பட்டார் என்று கேட்பீர்கள். நான் வலங்கைமான் பக்கத்தில் ஒரு கூட்டுறவுக் கடன் சங்கத்தில் எழுத்தர். பயிர்க்கடன், நகைக்கடன், உர மூட்டைக் கணக்கு, இதுதான் என் உலகம். அப்பா நாகஸ்வரம். பெரிய பெயர் எடுத்தவர் இல்லை. இரண்டு கோயிலில் முறை, தை, வைகாசி, ஆவணியில் முகூர்த்தம், மற்ற நாளில் சாதகம். 2009-ல் போய்ச் சேர்ந்தார். சித்தப்பா 1983-ல் சிங்கப்பூரிலிருந்து வரும்போது ஒரு டேப் ரெக்கார்டர் வாங்கி வந்தார். அன்றிலிருந்து பதிமூன்று வருஷம், அப்பா எங்கே வாசித்தாலும் அதைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போவார். கோயில் யானை மணி, குழந்தை அழுகை, 'சாப்பிட வாங்க' என்கிற சத்தம் எல்லாம் சேர்த்து 63 கேசட். போன வருஷம் அதையெல்லாம் கணினிக் கோப்பாக மாற்றினேன். கேசட்டுக்கு 150 வீதம் 9,450 ரூபாய். அதில் பூஞ்சை பிடிக்காத பதினான்கு பதிவுகளை, அப்பாவின் பழைய போட்டோ ஒன்றை வைத்து, எல்லாரும் பார்க்கிற அந்தக் காணொளித் தளத்தில் ஏற்றினேன்.

இரண்டாவது நாளே மெயில். நான் ஏற்றியதில் வேறொருவருக்குச் சொந்தமான இசை இருக்கிறதாம். எது என்று பார்த்தால் மல்லாரி. சுவாமி புறப்பாட்டில் வாசிக்கிற, கம்பீர நாட்டையில், சாகித்தியமே இல்லாத மல்லாரி. எத்தனை தலைமுறையாக எத்தனை வீதியில் வாசித்ததோ, அதற்கு ஒரு கம்பெனி சொந்தம் கொண்டாடுகிறது. அந்த வாரத்துக்குள் பதினான்கில் எட்டுக்குக் கிளைம். ஒன்பதாவதுக்குக் கிளைம் கூட இல்லை, காணொளியையே தூக்கிவிட்டு ஸ்ட்ரைக், அதாவது சேனலுக்கு ஒரு எச்சரிக்கை, என்று சொல்லிவிட்டார்கள். தொண்ணூறு நாளுக்குள் மூன்று ஸ்ட்ரைக் வாங்கினால் சேனலே போய்விடும் என்று பையன் சொன்னான். அதோடு ஒரு கம்பெனியின் ஏஜென்ட் என்று சொல்லிக்கொண்ட ஆளிடமிருந்து தனியாக ஒரு மெயில். அதில் 63-ஆவது பிரிவு, மூன்று வருஷம் ஜெயில் என்றெல்லாம் இருந்தது. வீட்டுக்காரி அன்று ராத்திரி சாப்பிடவில்லை.

முதலில் சென்னையில் ஓர் அலுவலகத்துக்குப் போன் போட்டேன். 25,000 ரூபாய் கட்டிவிட்டுப் பேசலாம் என்றார்கள். சரி, அப்புறம் பார்ப்போம் என்று வைத்துவிட்டேன். எங்கள் சங்கத்துத் தணிக்கைக்கு வருகிறவர்தான் இந்த மாடியைக் காட்டினார்.

பதினோரு மணிக்கு வரச் சொன்னார்கள். உள்ளே கூப்பிட்டது ஒன்றேகால் மணிக்கு. படி செங்குத்து, கைப்பிடி ஒரு பக்கம்தான். முட்டி வலி உள்ளவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். உட்கார நான்கு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு மின்விசிறி. கீழே பித்தளைக் குடம் தட்டுகிற சத்தம் விடாமல் கேட்கும். குமாஸ்தா நல்ல மாதிரி, தண்ணீர் கொடுத்தார். ஆனால் இந்த அலுவலகத்தின் பெரிய குறையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். வக்கீல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டே பேசுகிறார். உள்ளே இருப்பவரின் சங்கதி முழுக்க வெளியே கேட்கிறது. எனக்கு முன்னால் போனவருடையதை நான் முழுசாகக் கேட்டேன். என்னுடையதையும் யாரோ கேட்டிருப்பார்கள். காப்புரிமை பார்க்கிற இடத்தில் ரகசியத்துக்குக் காப்பு இல்லை.

அப்படிக் கேட்டதில் எனக்குப் பலன் இருந்தது என்பதும் உண்மை. உள்ளே இருந்தவர் பட்டுக்கோட்டைப் பக்கம் மெல்லிசைக் குழு வைத்திருப்பவர். கல்யாண ரிசப்ஷனில் பாடுவதற்கு லைசென்ஸ் காட்டினால்தான் மைக் போட விடுவேன் என்று ஒரு மண்டபத்தில் நிறுத்திவிட்டார்களாம். வக்கீல் ஒரு காகிதத்தை எடுத்துக் கொடுத்தார். காப்புரிமைச் சட்டம் 1957-இல் 52-ஆவது பிரிவுக்குள், மதச் சடங்கில் பாடுவதும் இசைத்தட்டு போடுவதும் மீறல் ஆகாது என்று ஓர் உட்பிரிவு இருக்கிறது. கல்யாண ஊர்வலமும் கல்யாணத்தை ஒட்டிய மற்ற விசேஷங்களும் அதில் சேர்த்தி. 2023 ஜூலை மாதம் மத்திய அரசின் தொழில் துறை இதையே ஓர் அறிவிப்பாகப் போட்டு, கல்யாணத்துக்கு ராயல்டி கேட்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறது. "இதை ஜெராக்ஸ் போட்டு கீபோர்டு பெட்டியிலேயே வெச்சுக்கங்க" என்றார். "ஆனா புது வருஷத்துக்கு ஓட்டல்ல டிக்கெட் போட்டுப் பாடுனீங்கன்னா இந்தக் காகிதம் உங்களைக் காப்பாத்தாது."

குழுக்காரர் விடவில்லை. "எங்க ஊர்க்காரர் பாட்டுதாங்க பாடுறேன். அரசாங்கமே நாட்டுடைமை ஆக்கிடுச்சே, அதுக்குமா?" என்று கேட்டார். பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரத்தைச் சொல்கிறார். வக்கீல் சொன்ன பதில் எனக்குப் புதுசு. பட்டுக்கோட்டையார் 1959-ல் காலமானார். வரி பொதுச்சொத்து, அச்சடித்து விற்றால்கூட யாரும் கேட்க முடியாது. மெட்டு வேறு. ஆசிரியர் இறந்த அடுத்த வருஷத்திலிருந்து அறுபது வருஷம் என்பது கணக்கு. எம்.எஸ். விஸ்வநாதன் 2015-ல்தான் காலமானார் என்பதால் அவர் போட்ட மெட்டுக்கு 2075 முடிகிற வரை ஆயுள். ஒரே பாட்டில் வரி சும்மா கிடைக்கும், மெட்டு கிடைக்காது. அந்தக் குழுக்காரர் தலையைச் சொறிந்துகொண்டே இறங்கிப் போனார்.

அடுத்து நான். மெயில்களையெல்லாம் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போயிருந்தேன். அதை அவர் தொடவே இல்லை. "கேசட் எங்கே?" என்றார். எடுத்து வரவில்லை. "அட்டையாவது?" அதுவும் இல்லை. திரும்பிப் போய் அடுத்த வெள்ளிக்கிழமை எடுத்து வந்தேன். முதல் நாளுக்கு ஆயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டுதான் திருப்பி அனுப்பினார். இதைக் குமாஸ்தா போனிலேயே சொல்லியிருக்கலாம். பஸ் செலவோடு ஒரு நாள் லீவும் போனது.

வெள்ளிக்கிழமை நடந்ததற்காகத்தான் இதை எழுதுகிறேன். ஒரு வெள்ளைத் தாளில் மேலிருந்து கீழாகக் கோடு கிழித்து மூன்று பத்தி போட்டார். யார் இயற்றியது, யார் வாசித்தது, யார் பதிவு செய்தது. "சங்கத்துல அடங்கல் பாத்துதானே கடன் கொடுப்பீங்க? நிலம் யாருது, சாகுபடி யாருதுன்னு தனித்தனியாத்தானே இருக்கு. அந்த மாதிரிதான் இது" என்றார். பதினான்கு பதிவையும் ஒவ்வொன்றாக அதில் எழுதினோம். இரண்டு மணி நேரம் ஆனது. நடுவில் டிகிரி காபி வந்தது, அவர் செலவு.

முதல் பத்தி பெரும்பாலும் சுலபம். சாமா சாஸ்திரி 1827, தீட்சிதர் 1835, தியாகையர் 1847. திருவாரூரில் பிறந்த மூன்று பேரையும் எந்தக் கம்பெனியும் சொந்தம் கொண்டாட முடியாது. அந்தக் கீர்த்தனையை யாராவது புதிதாகப் பதிவு செய்தால் அந்தப் பதிவுக்கு மட்டும் உரிமை, கீர்த்தனைக்கு இல்லை. பிரச்சினை எங்கே என்றால், தளத்தில் இருக்கிற இயந்திரத்துக்கு இந்த வித்தியாசம் தெரியாது. ஒரு நாகஸ்வர ஆல்பத்தில் அதே மல்லாரி இருக்கிறது, என் அப்பாவுடையதும் அதே ராகம், அதே தாளம், அதே ஜதி. சுருதியும் ஒத்துப் போய்விட்டால் இரண்டும் ஒன்று என்று முடிவு கட்டிவிடுகிறது. எனக்கு அதில் கோபம் பாதி, பெருமை பாதி. எங்கள் அப்பா யாரோ ஒரு பெரிய வித்வான் மாதிரி வாசித்திருக்கிறார் என்று இயந்திரமே சொல்கிறதே.

முதல் பத்தியில் ஒரே இடத்தில் சறுக்கினேன். பாபநாசம் சிவன் கீர்த்தனை ஒன்று. பழசுதானே என்று நினைத்திருந்தேன். நாகப்பட்டினம் பக்கம் போலகத்தில் 1890-ல் பிறந்தவர் என்பது வரைக்கும் எனக்குத் தெரியும். "காலமானது 1973. அப்ப 2033 முடியிற வரைக்கும் உரிமை இருக்கு சார்" என்றார் வக்கீல். அதற்குக் கிளைம் போட்ட கம்பெனிக்கும் சிவன் குடும்பத்துக்கும் சம்பந்தம் இருப்பதாகத் தெரியவில்லை. ஆனாலும் நாம் சரியான இடத்தில் கேட்காமல் ஏற்றியது தப்பு. அதை நானே எடுத்துவிட்டேன்.

சினிமாப் பாட்டு ஒன்றும் இருந்தது. 1991-ல் வடகரையில் ஒரு கல்யாணம், மாப்பிள்ளை வீட்டார் கேட்டதால் அப்பா ஒரு இளையராஜா பாட்டை வாசித்தார். கேட்டால் உங்களுக்கே கண்ணில் தண்ணீர் வரும். கல்யாணத்தில் வாசித்ததற்கு 52-ஆவது பிரிவு இருக்கிறதே என்று, வெளியே உட்கார்ந்து கேட்ட ஞானத்தில் நான் எடுத்துவிட்டேன். அவர் சிரித்தார். வாசித்தது குற்றமில்லை, அதை ஊர் உலகத்துக்கு ஏற்றினது கல்யாணம் இல்லை என்றார். பிறகு கொஞ்சம் பின்கதை சொன்னார். படத்துக்காகக் காசு கொடுத்துப் போடச் சொன்ன மெட்டு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் தயாரிப்பாளருக்கே சொந்தம் என்று 1977-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2012-ல்தான் சட்டத்தைத் திருத்தி, உரிமையை எழுதிக் கொடுத்தாலும் இசையமைப்பாளருக்கும் பாடலாசிரியருக்கும் ராயல்டியில் பங்கு உண்டு, அதை விட்டுக்கொடுக்கச் சொல்லி எழுதி வாங்க முடியாது என்று வைத்தார்கள். 2017-ல் இளையராஜா தரப்பிலிருந்து எஸ்.பி. பாலசுப்ரமணியத்துக்கு வக்கீல் நோட்டீஸ் போனபோது எங்கள் சங்கத்து வாசல் டீக்கடை இரண்டு கட்சியாகப் பிரிந்தது ஞாபகம் இருக்கிறது. நான் அன்றைக்கு எஸ்.பி.பி. கட்சி. இந்த மாடியை விட்டு இறங்கும்போது முக்கால்வாசி கட்சி மாறியிருந்தேன். அந்தக் காணொளியின் மேல் கிளைமை அப்படியே விட்டுவிட்டோம். அது ஓடுகிறது, விளம்பரக் காசு வந்தால் அவர்களுக்குப் போகும். முன்னூறு பேர் பார்த்த காணொளிக்கு என்ன வந்துவிடப் போகிறது.

மூன்றாவது பத்திக்கு வந்தபோதுதான் எனக்குத் தொண்டை அடைத்தது. அந்த ஸ்ட்ரைக். 1988-ல் சென்னையில் ஒரு கம்பெனி அப்பாவைக் கூப்பிட்டு ஒரு கேசட் பதிவு செய்தது. 1,500 ரூபாயும் 25 கேசட்டும் கொடுத்தார்கள். அதிலிருந்து ஒரு ஆலாபனையையும் அந்தப் பதினான்கில் சேர்த்து ஏற்றியிருந்தேன். என் அப்பா ஊதியது, அவர் மூச்சு, இதை எவன் கேட்பது என்ற தைரியம். இதற்காக எவ்வளவு செலவானாலும் பார்த்துவிடுவது என்று முடிவோடுதான் போயிருந்தேன். வக்கீல் நினைத்திருந்தால் அன்றைக்கு என்னிடம் பத்தாயிரம் கறந்திருக்கலாம்.

"இது உங்களுது இல்லை சார்" என்றார். பதிவு செய்ய முயற்சி எடுத்து, பொறுப்பு எடுத்துச் செய்தவர்தான் சட்டப்படி அந்த ஒலிப்பதிவின் ஆசிரியர். ஸ்டுடியோ வாடகை கொடுத்தது கம்பெனி. வாசிக்கிறவருக்கு என்று தனியாக ஓர் உரிமை நம் சட்டத்தில் வந்ததே 1994 திருத்தத்தில்தான். 1988-ல் அப்படி ஒன்று கிடையாது. ஒலிப்பதிவுக்கும் அறுபது வருஷம். 2048 முடிகிற வரை அது கம்பெனியுடையது. அப்போது எனக்கு எண்பது.

அந்த அட்டையை மேஜையில் திருப்பி வைத்துக் காட்டினார். ஊசி முனை எழுத்தில் எல்லாம் இருக்கிறது. முப்பது வருஷத்துக்கு மேல் அலமாரியில் வைத்திருக்கிறேன், அப்பாவின் போட்டோவைத் தவிர வேறு எதையும் பார்த்ததில்லை.

அதே விதி மற்ற கேசட்டுகளில் எங்கள் பக்கம் திரும்பியது. அங்கே முயற்சி எடுத்தது சித்தப்பா. பேட்டரி வாங்கியது, கேசட் வாங்கியது, மைக்கைத் தவிலுக்கு எட்டப் பிடித்தது எல்லாம் அவர். திருச்சியில் மகள் வீட்டில் இருக்கிற அவரிடம் போய், இந்தப் பதிவுகளை வெளியிட எனக்குச் சம்மதம் தருவதாக எழுதி வாங்கி வரச் சொன்னார் வக்கீல். 1996-ல் எடுத்த இரண்டு பதிவுக்குத் தவில் வாசித்தவர் பக்கமும் சம்மதம் வேண்டும் என்றார், அது திருத்தத்துக்குப் பிந்தியது என்பதால். வாசித்தவருக்கு ஐம்பது வருஷம் உரிமை. அவர் மகன் அம்மாப்பேட்டையில் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறார். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒரு தடவை முழுசாகப் போட்டுக் கேட்டார். அவரிடம் அவர் அப்பாவின் சத்தம் ஒன்றுகூட இல்லையாம். பென்டிரைவில் இரண்டையும் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன்.

வக்கீல் ஆறு கிளைமுக்கு மறுப்பு எழுதினார். ஆங்கிலத்தில் நாலு வரிதான்: இயற்றியது பழம் பாடல், பதிவு சித்தப்பா செய்தது, இன்ன தேதி, இன்ன கோயில். கம்பெனிக்கு முப்பது நாள் கெடு. ஐந்து அந்தக் கெடுவுக்குள் விடுபட்டன. முதல் மல்லாரிக்கு மட்டும் 'எங்களுடையதுதான்' என்று பதில் வந்தது. மேல்முறையீடு போட்டால் ஏழு நாளில் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். அந்த மேல்முறையீட்டில் வக்கீல் யானை மணிச் சத்தம் எந்த நிமிஷத்தில் வருகிறது என்று குறித்து, உங்கள் ஆல்பத்தில் யானை உண்டா என்று கேட்டு எழுதினார். விட்டுவிட்டார்கள். இப்படி ஒருவர் யோசிப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

ஜெயில் மிரட்டல் மெயிலைப் படித்துவிட்டு, 63-ஆவது பிரிவு உண்மைதான், ஆறு மாதத்திலிருந்து மூன்று வருஷம், ஐம்பதாயிரத்திலிருந்து இரண்டு லட்சம் அபராதம், ஆனால் தெரிந்தே செய்தவனுக்குத்தான் என்றார். ஆதாரமில்லாமல் மிரட்டினால் 60-ஆவது பிரிவில் நாமே வழக்குப் போடலாமாம். "போடலாம், ஆனா உங்க 63 கேசட்டை விட அதிகமா செலவாகும்" என்று அவரே தடுத்துவிட்டார். வீட்டுக்காரி கூட வந்திருந்தாள். "குண்டர் சட்டத்துல போடுவாங்களாமே சார்?" என்று கேட்டாள். அது 2004-ல் திருட்டு விசிடிக்காரர்களுக்காகச் சேர்த்தது, நாகஸ்வரத்துக்கு இல்லை என்று அவர் சொன்ன பிறகுதான் காபியைக் குடித்தாள்.

மொத்தம் 7,500 ரூபாய் ஆனது, முதல் நாள் ஆயிரமும் சேர்த்து. ரசீது கொடுத்தார்கள். ஜெராக்ஸ், கூரியர் என்று 340 தனியாக வாங்கினார்கள்; அதற்கு ரசீது இல்லை, கேட்டுத்தான் எழுதி வாங்கினேன். ஜூனியர் ஒரு மறுப்பில் அப்பா பெயருக்கு ஓர் எழுத்தை விட்டுவிட்டார். நான் படித்துப் பார்த்திருக்காவிட்டால் அப்படியே போயிருக்கும். அதே ஜூனியர்தான் பதினான்கையும் காப்புரிமைப் பதிவு செய்துவிடலாம் என்று ஆரம்பித்தார். ஒலிப்பதிவுக்கு அரசுக் கட்டணமே தலைக்கு இரண்டாயிரம், 28,000 ஆகிறது. பதிவு கட்டாயம் இல்லை, பதிவு செய்யாவிட்டாலும் உரிமை இருக்கிறது என்று பெரியவர் வந்து நிறுத்தினார். போன் போட்டால் எடுக்கவே மாட்டார். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் குமாஸ்தாவைப் பிடிப்பதுதான் வழி. முகூர்த்த நாளில் போகாதீர்கள், பாத்திரக் கடைக் கூட்டத்தில் படி எங்கே இருக்கிறது என்றே தெரியாது.

ஐந்துக்கு நாலு கொடுப்பேன். அந்த ஒன்றைக் கதவுக்காகக் குறைக்கிறேன்.

கடைசி நாள் கணக்கு முடித்துவிட்டுக் கிளம்பும்போது அந்த 1988 கேசட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். 25-இல் மிச்சம் இருப்பது அந்த ஒன்றுதான். இதை வீட்டில் போட்டுக் கேட்கலாமா என்று, பாதி விளையாட்டாகத்தான் கேட்டேன். "தாராளமா கேளுங்க சார், வாசல் கதவைச் சாத்திக்கிட்டு" என்றார். கதவைப் பற்றி அவர் பேசியது அந்த ஒரு தடவைதான். அதற்குக் கட்டணம் போடவில்லை.